தொழிற்பயிற்சிக்குப் பண உதவி: முதன்முறை இறங்கும் முன்னாள் மாணவர் குழுக்களுக்கு

தமிழ்நாட்டில் அரசு ஐ.டி.ஐ.யில் (தொழிற்பயிற்சி நிலையம்) பயிற்சிக் கட்டணம் கிடையாது. இருந்தும் சேர்ந்த பிள்ளைகள் பாதியில் நிற்கிறார்கள். நிறுத்துவது கட்டணம் இல்லை. மதியச் சாப்பாடு, தங்குமிடம், வீட்டுக்கு வராமல் போகிற கூலி, கணக்கில் வந்து சேராத உதவித்தொகை, இவைதான். உதவ முன்வரும் குழுக்களோ "பீஸ் நாங்க கட்டிடறோம்" என்றுதான் பேச்சைத் தொடங்குகின்றன. அதனால் பணம் தேவைப்படாத இடத்துக்குப் போய்விடுகிறது, தேவைப்படுகிற நாளில் கையில் இருப்பதில்லை. பள்ளியின் முன்னாள் மாணவர் குழு, ஊர்ச் சங்கம், வெளியூரில் வேலை பார்க்கும் நாலைந்து நண்பர்கள் என்று சிறிய அளவில் தொடங்குபவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

எத்தனை பேர் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கையில் ஒரு லட்சம் இருந்தால் பத்துப் பேருக்குப் பத்தாயிரம் என்று பிரிக்கத் தோன்றும். மேடையில் பத்துப் பேருக்குக் காசோலை கொடுத்துப் படம் எடுக்கலாம். ஆனால் பத்தாயிரம் யாரையும் இரண்டு வருடம் தாங்காது. ஒருவரைச் சேர்க்கையிலிருந்து முதல் சம்பளம் வரை முழுமையாகக் கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்தால் அடுத்த ஆண்டு இரண்டு பேரை எடுக்கலாம். இரண்டு ஆண்டுக்கான மொத்தப் பணமும் வங்கியில் இருந்தால் மட்டும் ஒருவருக்கு வாக்குக் கொடுங்கள். "மாதாமாதம் எல்லோரும் போடுவாங்க" என்பதை நம்பி ஒரு பிள்ளையைச் சேர்க்காதீர்கள். ஆறாவது மாதத்தில் வசூல் குறையும்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும் காலம்: ஏப்ரல், மே

தேர்வு முடிவுகள் மே மாதம் வரும், அரசு ஐ.டி.ஐ. இணையவழி விண்ணப்பமும் அதையொட்டியே திறக்கும். விண்ணப்பக் கட்டணம் 50 ரூபாய் அளவில்தான். கலந்தாய்வில் இடம் கிடைக்காதவர்களுக்குப் பின்னர் காலியிடங்களில் நேரடிச் சேர்க்கை நடக்கும். எலெக்ட்ரீஷியன், பிட்டர் (இயந்திரப் பாகங்களை அராவிப் பொருத்தும் வேலை) போன்ற பிரிவுகள் அதற்குள் நிரம்பிவிடும். ஜூலையில் கூட்டம் போட்டு ஆள் தேடினால் மிச்சமிருக்கிற டிரேடில்தான் (தொழிற்பிரிவில்தான்) சேர்க்க முடியும்.

பத்தாம் வகுப்பில் தவறியவர்களை விட்டுவிடாதீர்கள். வெல்டர், வயர்மேன் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஆண்களுக்கு வயது 14 முதல் 40 வரை. பெண்களுக்கு மேல் வரம்பு இல்லை. திருமணமாகி, குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கிய பெண்களும் சேரலாம் என்பது பல வீடுகளுக்குத் தெரியவே தெரியாது.

தேர்வுக்கு மதிப்பெண் பட்டியலைவிட வீட்டுக்கு ஒருமுறை நேரில் போய் வருவதுதான் உதவும். மூன்று கேள்விகள் கேளுங்கள். இப்போது அந்தப் பையனோ பெண்ணோ வேலைக்குப் போகிறாரா, வாரம் எவ்வளவு கொண்டுவருகிறார்? வீட்டில் வாரத் தவணைக் கடன் உண்டா? காலையில் எத்தனை மணிக்கு எந்த பஸ்? பெயின்டிங் வேலைக்கோ சமையல் வேலைக்கோ போய்க்கொண்டிருக்கும் பையனின் கூலியில்தான் மகளிர் குழுத் தவணை கட்டப்படுகிறது என்றால், அதற்கு மாற்றுவழி பேசாமல் ஐ.டி.ஐ.யில் சேர்ப்பது வீண். தீபாவளி சீசனில் ஒரு மாதம் வேலைக்குப் போவார், அந்த ஒரு மாதம் வருகைப்பதிவைத் தின்றுவிடும்.

டிரேடு விஷயத்தில் ஒரு சோதனையைத் தவற விடாதீர்கள். எலெக்ட்ரீஷியன், வயர்மேன் பக்கம் போகிறவருக்கு நிறக்குருடு இருக்கிறதா என்று கண் மருத்துவமனையில் பார்த்துவிடுங்கள். பல நிறப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளைக் காட்டி ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். இரண்டு வருடம் படித்து முடித்து, கம்பெனி மருத்துவப் பரிசோதனையில் திருப்பி அனுப்பப்படுவது கொடுமை. பெண்கள் என்றாலே தையல், அழகுக்கலை என்று நீங்களாக முடிவு செய்யவும் வேண்டாம். டிராப்ட்ஸ்மேன், பிட்டர், மெஷினிஸ்ட் எல்லாம் அவர்களுக்கும்தான்.

இலவசமாகக் கிடைப்பதை முதலில் வாங்குங்கள்

இந்தப் படிதான் அதிகப் பணத்தை மிச்சப்படுத்தும். அரசு ஐ.டி.ஐ. மாணவருக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, மிதிவண்டி, சீருடை, மூடுகாலணி, பாடப்புத்தகம், வரைபடக் கருவிகள், பஸ் பாஸ் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் ஆண் மாணவர்களுக்கும் அதே தொகை. ஐ.டி.ஐ. படிப்பும் இவற்றில் அடங்கும். பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு வந்தவருக்கும் பொருந்துமா, விதி இந்த ஆண்டு என்ன என்பதைச் சேரும்போது அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அரசுத் திட்ட விதிகள் மாறக்கூடியவை.

விடுதி இன்னும் பெரியது. ஆதிதிராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைகள் நடத்தும் விடுதிகள் 2025 முதல் சமூகநீதி விடுதிகள் என்று அழைக்கப்படுகின்றன. கல்லூரி விடுதிகளில் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்களையும் சேர்க்கிறார்கள். உணவும் தங்கலும் இலவசம். வருமான உச்சவரம்பு உண்டு, வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் என்ற விதியும் உண்டு. வருமானச் சான்று, சாதிச் சான்று இரண்டையும் மே மாதமே இ-சேவை மையத்தில் போட்டு வாங்கி வையுங்கள். விண்ணப்பம் திறந்த பிறகு சான்றுக்கு அலைந்தால் விடுதி இடம் போய்விடும்.

இரண்டு ஆண்டு முடியாதவர்களுக்கு மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. கர்நாடகத்தின் உஜிரேயில் 1982-ல் தர்மஸ்தலா அறக்கட்டளையும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய ருட்செட்டி என்ற பயிற்சி நிறுவனத்தின் வழிவந்தவை இவை. செல்போன் பழுதுபார்ப்பு, தையல், ஏ.சி. பழுதுபார்ப்பு, ஆடு வளர்ப்பு என்று சில வாரங்கள் தங்கிப் படிக்கலாம். கட்டணம், சாப்பாடு எல்லாம் இலவசம். மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் கேட்டால் அடுத்த பேட்ச் எப்போது என்று சொல்வார். இங்கே உங்கள் பணம் தேவைப்படும் இடம் பயிற்சி முடிந்த பிறகுதான்: கருவி, கடை அட்வான்ஸ்.

தாட்கோ (ஆதிதிராவிடர்களுக்கான அரசுக் கழகம்), தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம், மகளிர் திட்ட அலுவலகம் மூன்றிலும் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் தனியார் நிறுவனத்துக்குப் பணம் கட்ட யோசிக்க வேண்டும்.

தனியார் நிறுவனம் என்றால்

விளம்பரத்தை நம்பாதீர்கள். மத்திய அரசின் பயிற்சி இயக்குநரகத்தின் அங்கீகாரம் நிறுவனத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு டிரேடுக்கும், ஒவ்வொரு யூனிட்டுக்கும் (அந்த டிரேடின் ஒரு வகுப்புத் தொகுதி) தனித்தனி. "நாங்க அங்கீகாரம் பெற்ற ஐ.டி.ஐ." என்பது உண்மையாகவே இருக்கும், நீங்கள் சேர்க்கிற டிரேடுக்கு அது இல்லாமலிருக்கும். கடைசியில் கைக்கு வரவேண்டியது தேசியத் தொழிற்சான்றிதழ். நிறுவனமே அச்சடித்துக் கொடுக்கும் டிப்ளமா வேறு. அரசு இணையதளத்தில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடி, டிரேடு வாரியாகப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

நர்சிங்கில் இந்த ஏமாற்று மிக அதிகம். செவிலியராகப் பதிவு செய்யத் தகுதி தருபவை ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்சிங் ஆகியவை, அதுவும் நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் உள்ள இடத்தில் படித்தால். மாடியில் இரண்டு அறை எடுத்து நடத்தும் "ஒரு வருட நர்சிங் டிப்ளமா" படித்த பெண்ணுக்குத் தனியார் மருத்துவமனையில் குறைந்த சம்பளத்துக்கு உதவியாளர் வேலைதான் கிடைக்கும். நல்ல மதிப்பெண் எடுத்த எத்தனையோ கிராமத்துப் பெண்களின் வருடங்கள் இப்படிப் போகின்றன. உங்கள் பணம் அதற்குத் துணைபோகக் கூடாது.

பணிமனையை வேலை நாளில், முன்கூட்டிச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். லேத்தின் (கடைசல் இயந்திரம்) தட்டில் இரும்புச் சுருள் கிடக்கிறதா, அதன் அடிப்பாகத்தில் எண்ணெய் இருக்கிறதா, இல்லை தூசிதான் இருக்கிறதா? ஒரு பெஞ்ச் வைஸுக்கு (இரும்பை இறுக்கிப் பிடிக்கும் கருவி) எத்தனை பேர் நிற்கிறார்கள்? பிட்டர் மாணவர் யாராவது அரம் பிடித்து முடித்த இரும்புத் துண்டை வாங்கி, டிரை ஸ்கொயரை (செங்கோணம் பார்க்கும் கருவி) அதன் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். விளிம்புக்கும் ஸ்கொயருக்கும் நடுவே வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தால் பரவாயில்லை, கற்றுக்கொண்டிருக்கிறார். காட்டுவதற்குத் துண்டே இல்லையென்றால் அங்கே அரம் பிடிக்கவே சொல்லிக்கொடுக்கவில்லை. வெல்டிங் பகுதியில் குப்பைத்தொட்டியைப் பாருங்கள்: எரிந்து மிஞ்சிய எலெக்ட்ரோடு துண்டுகள் நிறையக் கிடக்க வேண்டும். எலெக்ட்ரோடும் தகடும்தான் வெல்டிங் பயிற்சியின் பெருஞ்செலவு, செலவைக் குறைக்க நினைக்கும் நிறுவனம் முதலில் கைவைப்பது அதில்தான். ஒரு மாணவருக்கு வாரம் எத்தனை எலெக்ட்ரோடு என்று கேட்டால் பயிற்றுநர் உடனே எண் சொல்ல வேண்டும்.

கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். சேரும்போது ஒரு பகுதி, பாதியில் ஒரு பகுதி, தேர்வு நுழைவுச்சீட்டு கைக்கு வந்த பிறகு மிச்சம் என்று எழுதி வாங்குங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு

அரசு ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டு பிட்டர். ஊர் தொலைவு, தினமும் போய்வர முடியாது, விடுதி கிடைக்கவில்லை. அறை வாடகையில் பங்கு 1,500, சாப்பாடு 3,000, ஊருக்குப் போய்வர 300, போன் ரீசார்ஜ் 250, ரெக்கார்டு நோட்டு, பிரிண்ட் 150. மாதம் 5,200. அரசிடமிருந்து 750-ம் 1,000-ம் சேர்ந்து 1,750 வரும். துண்டு விழுவது 3,450. இருபத்துநான்கு மாதத்துக்கு 82,800.

இதோடு தொடக்கச் செலவு (சான்றிதழ், பாய், வாளி, மாற்றுடை) 4,000, படிப்பு முடிந்தபின் கருவிகளுக்கு 6,000, வேலையில் சேர்ந்து முதல் சம்பளம் வரும்வரை இரண்டு மாதத்துக்கு 12,000, அவசரத்துக்கு 10,000. மொத்தம் 1,14,800 ரூபாய். உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இதே பிள்ளைக்கு விடுதி கிடைத்துவிட்டால் வாடகையும் சாப்பாடும் இல்லை. மாதச் செலவு 700-க்குள் அடங்கும், அரசுத் தொகையே அதைத் தாண்டும். உங்கள் பங்கு 32,000-க்கு இறங்கிவிடும். சரியான நாளில் போட்ட ஒரு விடுதி விண்ணப்பம் எண்பதாயிரத்துக்கு மேல் மிச்சப்படுத்துகிறது. மிச்சத்தில் வீட்டின் வாரத்தவணைக்கு மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்தால் அந்தப் பிள்ளையை வேலைக்குக் கூப்பிடும் நெருக்கடி குறையும். "படிப்புக்குத்தான் தருவோம், கடனுக்குத் தரமாட்டோம்" என்று பிடிவாதம் பிடிக்கும் குழுக்கள் இதை யோசிக்க வேண்டும். இப்படிப்பட்ட வீட்டில் கடன் தவணைதான் படிப்புச் செலவு.

அவசர நிதி பத்தாயிரம் ஏன் என்றால், அரசு உதவித்தொகை முதல் மாதமே வராது. சில மாதம் சேர்த்து மொத்தமாக வரும். அதுவரை நீங்கள் தாங்க வேண்டும்.

திறன் கடன் என்று வங்கியிலும் உண்டு. 2024-ல் உச்சவரம்பு ஏழரை லட்சமாக உயர்த்தப்பட்டது. வேலை உறுதியாகத் தெரிகிற, கட்டணம் பெரிதான படிப்புக்கு அது சரி. இலவசமாகப் படிக்கக்கூடிய டிரேடுக்குத் தனியாரில் சேர்ந்து கடன் வாங்க வைக்காதீர்கள்.

வங்கிக் கணக்கும் இனிஷியலும்

ஆதாரில் "முருகன் செ", பள்ளிச் சான்றில் "செ. முருகன்", வங்கியில் அப்பா பெயரை முழுதாக விரித்து "முருகன் செல்வராஜ்". மூன்றும் ஒருவர்தான், கணினிக்கு மூன்று பேர். உதவித்தொகை நிற்பதற்கும், பின்னாளில் சான்றிதழில் திருத்தம் கேட்டு அலைவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். சேரும் முன்பே ஆதாரைப் பள்ளிச் சான்றுக்கு ஒத்துப்போகச் செய்து, பிறகு வங்கிக் கணக்கைச் சரிசெய்யுங்கள்.

கணக்கு மாணவர் பெயரிலேயே இருக்கட்டும், அப்பாவோடு கூட்டுக் கணக்கு வேண்டாம். ஆதாரை வங்கியில் கொடுத்தால் மட்டும் போதாது. அரசுப் பணம் வர அந்தக் கணக்கு என்.பி.சி.ஐ.யில் (வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் தேசிய அமைப்பு) இணைக்கப்பட்டிருக்க வேண்டும். கிளையில் "டி.பி.டி. (அரசின் நேரடிப் பணம்) வருமா?" என்று கேட்டுப் படிவம் கொடுங்கள். ஒருவருக்கு இரண்டு கணக்கு இருந்தால் கடைசியாக இணைத்ததற்குத்தான் பணம் போகும். பல மாதம் "வரலை" என்று காத்திருந்த பணம் பழைய தபால் நிலையக் கணக்கில் கிடப்பது சகஜம்.

உங்கள் பணம் போகும் வழி

யாரோ ஒருவரின் ஜி-பே எண்ணில் வசூலிப்பது முதல் மாதத்துக்கு வசதி, வருமான வரிக் கேள்வி வந்தால் அவருக்குத் தலைவலி. பள்ளிக்கோ ஊருக்கோ ஏற்கெனவே பதிவான அறக்கட்டளை இருந்தால் அதன் வழியாகவே செய்யுங்கள். புதிதாகத் தொடங்குவதென்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி ஏழு பேர் சேர்ந்து சங்கம் பதியலாம், அல்லது சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம் பதியலாம். நன்கொடையாளருக்கு வரிச்சலுகை வேண்டுமென்றால் வருமான வரித் துறையில் தனிப் பதிவு தேவை. ரொக்கமாக 2,000-க்கு மேல் கொடுத்தால் சலுகை இல்லை.

வெளிநாட்டு நண்பர்கள் விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. அதே வகுப்பில் படித்த இன்னொருவர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தாலும், அவர் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க உங்கள் அமைப்புக்கு எப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்கு மூன்று ஆண்டு இயங்கி 15 லட்சம் செலவு செய்திருக்க வேண்டும். பணம் வரவேண்டியது ஸ்டேட் பேங்கின் புதுடெல்லி முதன்மைக் கிளையில். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவுள்ள இன்னொரு அமைப்பு வாங்கி உங்களுக்கு மாற்றித் தரவும் முடியாது. ஆகவே நன்கொடை கேட்கும் படிவத்திலேயே குடியுரிமை என்ன என்று ஒரு கட்டம் வையுங்கள். நண்பர் என்பதற்காகக் கேட்காமல் விட்டால் சட்டச் சிக்கல் உங்கள் செயலாளர் தலையில் விழும்.

பக்கத்தில் பெரிய ஆலை இருந்தால் சி.எஸ்.ஆர். (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) நிதியும் கேட்கலாம், தொழிற்திறன் பயிற்சி அதன் பட்டியலில் உள்ளது. அதற்கு உங்கள் அமைப்பு சி.எஸ்.ஆர்.-1 படிவம் பதிந்திருக்க வேண்டும்.

மாதாமாதம்

ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் பணம் போய்விட வேண்டும். வாடகை கேட்கும் நாள் அது. அதே வாரத்தில் வருகைப்பதிவைக் கேளுங்கள். 80 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுத முடியாது. ஒரு மாதம் 85-க்குக் கீழே இறங்கினாலே போன் செய்யுங்கள். திட்டுவதற்காகச் செய்யாதீர்கள், வீட்டில் என்ன என்று கேளுங்கள். பணத்தை உடனே நிறுத்துவது கடைசிவழி. வராமல் போனதற்குக் காரணமே பணமாக இருந்தால் நிறுத்தியது நீங்களாகிவிடுவீர்கள். ஐ.டி.ஐ.யின் உதவிப் பயிற்சி அலுவலர் ஒருவரோடு தொடக்கத்திலேயே அறிமுகம் செய்துகொண்டால் உண்மை நிலவரம் தெரியும்.

குழுவில் ஒரே ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும். ஐந்து பேர் மாறிமாறிப் போன் செய்து அறிவுரை சொன்னால் அந்தப் பிள்ளை போனை எடுப்பதை நிறுத்திவிடும். பிள்ளையின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டு நன்றி சொல்ல வைப்பதும் வேண்டாம்.

பயிற்சி முடியும் முன் ஆறு மாதம்

இங்கேதான் பெரும்பாலான உதவிகள் நின்றுவிடுகின்றன. தேர்வு முடிந்தும் முடிவு வரச் சில மாதம் ஆகும். அந்த இடைவெளியில் பிள்ளை பழைய கூலி வேலைக்குத் திரும்பினால் மறுபடி இழுப்பது கடினம். அப்ரண்டிஸ் பயிற்சி (ஆலையிலேயே உதவித்தொகையோடு வேலை பழகுவது) இருக்கும் ஆலைகளின் பட்டியலை முன்கூட்டியே எடுங்கள். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆகவேண்டும் என்பது சட்டம். 2019 விதிப்படி ஐ.டி.ஐ. முடித்தவருக்குக் குறைந்தது மாதம் 7,000. இதை உயர்த்த 2025-ல் பரிந்துரையும் வந்தது, ஆகவே ஒப்பந்தத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒப்பந்தம் அரசு இணையதளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவில்லாமல் "ட்ரெய்னி" என்று எடுத்தால் முடிவில் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் வராது.

வெளியூர் ஆலை என்றால் அறை அட்வான்ஸ், முதல் மாதச் சாப்பாடு, பாதுகாப்பு ஷூ எல்லாம் சம்பளத்துக்கு முன்பே வந்துவிடும். கணக்கில் ஒதுக்கிய 12,000 அதற்குத்தான். சொந்தமாக வேலை எடுக்கப்போகும் எலெக்ட்ரீஷியனுக்கு அந்த நேரத்தில் கருவிப்பெட்டி வாங்கிக்கொடுங்கள்: 1,000 வோல்ட் காப்புள்ள பிளையரும் ஸ்க்ரூ டிரைவர்களும், வயர் ஸ்ட்ரிப்பர், டெஸ்டர், மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர். படிப்பின் தொடக்கத்திலேயே கொடுத்தால் அறையில் தொலைந்துபோகும். அப்போது பணிமனையிலேயே எல்லாம் இருக்கும்.

மேலே படிக்க ஆசைப்பட்டால் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். அதற்கான விண்ணப்பம் திறக்கும் மாதத்தை நாட்காட்டியில் குறித்து வையுங்கள், பொறுப்பாளரின் போனிலும் பிள்ளையின் போனிலும்.